கட்டிலுக்கு எதிர்ச் சுவர்

அடியே, இன்று காலை கூரியரில் நம் கடைக்குப் புது சாம்பிள் புத்தகம் வந்தது. இரண்டு கையால் தூக்கினாலும் தோள் இறங்குகிற கனம். உறையைக் கிழித்ததும் பசையும் புதுத் துணியும் கலந்த அந்த வாசனை கடை முழுக்கப் பரவியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தை அப்படியே உன் நாற்காலிப் பக்கம் தள்ளினேன். முதலில் முகர்ந்து பார்ப்பது உன் உரிமை இல்லையா? கொஞ்ச நேரம் கழித்துத்தான் அங்கே யாரும் இல்லை என்பது உறைத்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் மரமண்டைக்கு இன்னும் ஏறவில்லை.

இந்த வருஷத்துச் சரக்கைச் சொல்கிறேன், கேள். சோபாத் துணியில் வெல்வெட் திரும்ப வந்திருக்கிறது, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று, செங்கல் பொடி நிறத்தில் ஒன்று. பார்க்கச் சணல் சாக்கு மாதிரி, தொட்டால் மெத்தென்று இருக்கிற ரகம் ஒன்று. காபி கொட்டினால் உருண்டு ஓடிவிடும் என்று ஒரு ரகம், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு. வால்பேப்பரில் வாழை இலை, கொக்கு, மூங்கில். அப்புறம், பூச்சு வேலை முடியாத சிமென்ட் சுவர் மாதிரியே ஒரு காகிதம்! நன்றாக இருக்கிற சுவரைக் காசு கொடுத்துப் பூசாத சுவராக ஆக்கிக்கொள்வார்களாம். "இதுக்கு இன்னாத்துக்குடி காகிதம்? கொத்தனார பாதியில அனுப்பிட்டா போதுமே" என்று நீ சொல்லியிருப்பாய். உனக்காக நானே அதைச் சத்தமாகச் சொல்லி, நானே சிரித்தேன். எதிர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சுவருக்கு ஒட்டுகிற பட்டு. பட்டு எங்கே, பாலியெஸ்டர்தான். பின்னால் காகிதம் ஒட்டி, இழை தடித்தும் மெலிந்தும் ஓடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். அரக்கு நிறம். உன் அறையில் கட்டிலுக்கு எதிரே இருந்த சுவரின் அதே நிறம்.

அந்தச் சுவரைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். போன மாதம் அதைப் பிரித்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

உனக்கு அந்த யோசனை வந்தபோது நான்தானே முதலில் சிரித்தேன். இந்த ஊரில் பட்டை உடம்பில் உடுத்துவார்கள், பீரோவில் பூட்டுவார்கள், சுவருக்குப் போய் உடுத்துவார்களா? புது சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல், அதன்மேல் சறுக்கிச் சறுக்கி உட்காருகிற ரைஸ்மில்காரர் வீட்டம்மாவா நம்மிடம் பட்டுச் சுவர் கேட்கப் போகிறார் என்றேன். நீ அசரவில்லை. "மொதல்ல எங்க வூட்டு செவுத்துல போட்டுப் பாப்போம். கெட்டா நம்மளோட போவட்டும்" என்றாய்.

உன் வீட்டுக்காரரிடமே நெய்யச் சொன்னாய். கரை வேண்டாம், முந்தானை வேண்டாம், ஒரே ஓட்டமாக வெறும் துணி. "சீலை இல்லிங்க, இது செவுரு. நிறுத்தாம நெய்ங்க" என்று நீ சொன்னதற்கு மனிதர் தலையை ஆட்டினார். நெய்தும் கொடுத்தார். தறியிலிருந்து இறக்கி விரித்தபோதுதான் தெரிந்தது, ஒரு சேலை நீளம் முடிகிற இடத்தில், சேலைக்கும் சேலைக்கும் நடுவே வெட்டுவதற்கு விடுவார்களே, அதுபோல ஒரு சாண் இடத்தை நெய்யாமல் விட்டிருந்தார். குறுக்கு இழையே இல்லாமல், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும் வெறுமனே நின்றது. அவருக்கே தெரியாமல் கை அதன் பழக்கத்தில் விட்டுவிட்டுத் தாண்டிப் போயிருந்தது. "அய்யய்யோ" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நீயோ பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி சிரித்தாய். "உங்க கை சீலையத்தான் கட்டிகினு குடித்தனம் பண்ணுது, என்னிய இல்ல" என்றாய்.

வெட்டித் தைத்துவிடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டாயா? "அவரு கை வுட்ட எடம்டி அது. இருக்கட்டும்." சுவரில் மரச் சட்டம் அடித்து, அதன்மேல் துணியை இழுத்து இரும்புப் பின் அடித்தோம். அந்த ஒரு சாண் சந்து சரியாகக் கட்டிலுக்கு நேரே வந்து நின்றது. துணிக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பக்கம் திறக்கிற பழைய வெண்டிலேட்டர் ஓட்டை ஒன்று இருந்தது. அதை அடைத்துவிட்டுத் துணியை அடிக்கலாம் என்று நான் சொன்னதற்கும், "கொத்தனாருக்கு யாரு காத்துகினு இருக்கறது? ஜல்தி அடிடி" என்றாய். உன் அவசரம் உனக்கு.

வேலை முடிந்த அன்று மாலை, ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பக்கத்துக் காற்று எழுந்தது. துணி மெல்ல உப்பியது, பாவு நூல் வழியாகக் காற்று வெளியேற மெல்லத் தணிந்தது. மறுபடி உப்பியது, மறுபடி தணிந்தது. நான் ஏணியை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாங்கினேன். நீ கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "பாருடி, செவுரு மூச்சு வுடுது" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாய்.

அப்போது உன் மூச்சில் ஒரு கோளாறும் இல்லை. அல்லது இருந்தும் நமக்குத் தெரியவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபின் நீ அந்த அறையை விட்டு வரவில்லை. நான் சாம்பிள் புத்தகத்தைக் கட்டிலுக்கே தூக்கி வருவேன். உன்னால் பக்கம் புரட்ட முடியாது. நான் புரட்ட, நீ விரலின் பின்பக்கத்தால் துணியைத் தடவிப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று கண்ணால் சொல்வாய். ஒருநாள் சுவரைக் காட்டி, "என்கூட மூச்சு வாங்கறதுக்கு இந்த வூட்ல இது ஒண்ணாவது இருக்குது" என்றாய். நான் தண்ணீர் எடுத்துவருகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

தூக்கத்திலேயே போய்விட்டாள், புண்ணியவதி என்று எல்லோரும் சொன்னார்கள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பேச்சுக் குரல் கேட்டபடியே போனாளாம். நானும் அதைத்தான் நம்பி மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்ததும் உன் பெண் சுபா தன் பாயை அந்த அறையில் போட்டுக்கொண்டாள். செய்யார் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், சுவரைப் பார்த்தபடி படுத்துவிடுவாள். உன் வீட்டுக்காரர் அந்த அறையின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. தறிக்குப் பக்கத்திலேயே படுக்கை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தச் சுவரைக் கண்டு மிரண்டார்கள். "ஒண்ணும் இல்ல, பின்னால வெண்டிலேட்டர் கீது, காத்துதான்" என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான். ஆனால் ஒருநாள் சுபா வரும்வரை அங்கே தனியாக உட்கார்ந்திருந்தபோது துணி உப்பியது. "இன்னாடி?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை, பதிலுக்குக் காத்தும் இருந்தேன்.

போன மாதம் உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சுபாவ பொண்ணு பாக்க வராங்கம்மா, சந்தவாசல்லேர்ந்து. அந்த ரூம்ல நல்ல பேப்பரா ஒண்ணு ஒட்டிக் குடு."

நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். நிறம் பார்க்கவில்லை, பூ பார்க்கவில்லை. "இது செவுத்தோட அழுந்த ஒட்டிக்குமா? காத்துக்கு அசையாதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அவ ஆசைப்பட்டு பண்ண செவுருண்ணா அது. ஒரு வருஷம்கூட ஆவல, அதுக்குள்ள உங்களுக்கு பேஜாரா பூட்ச்சா?" என்றேன். அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "சுபா பகல் ஷிப்டு போற நாளா பாத்து வாம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பெண்ணுக்குத் தெரியாமல் செய்யப் பார்க்கிறார் என்று இன்னும் எரிந்தது. ஆனாலும் போனேன். வேறு யாரையாவது கூப்பிட்டுக் கன்னாபின்னா என்று கிழித்தெடுத்துவிட்டால்? உன் துணியை என் கையால் எடுப்பதே மேல் என்று பட்டது.

முதல் பின்னைத்தான் பிடுங்கியிருப்பேன். சுபா வந்து நின்றாள். கம்பெனியில் பெரிய அதிகாரி யாரோ தவறியதால் பாதி ஷிப்டோடு அனுப்பிவிட்டார்களாம். பையைத் தோளிலிருந்து கழற்றக்கூட இல்லை. நேரே போய்ச் சுவருக்கும் ஏணிக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அம்மா சீலையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டீங்க. கட்டில வெளில போட்டுட்டீங்க. இதையும் எடுத்துட்டா அம்மா இந்த வூட்ல எங்க இருக்கும்பா?"

அப்புறம் என்னைப் பார்த்து, "அத்தே, நீங்களுமா?" என்றாள். நான் பின் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டேன். மனசுக்குள் அவள் பக்கம்தான் நான்.

உன் வீட்டுக்காரர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"அன்னிக்கு மத்தியானம் உங்கம்மா கண்ண மூடிகினு படுத்திருந்தா. நான் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தேன். அவ இழுத்து இழுத்து மூச்சு வுடறத பாக்க என்னால முடியல. அதனால மூஞ்ச திருப்பிகினு செவுத்த பாத்தேன். செவுரு ஏறி எறங்கிகினு இருந்துச்சி. சரி, மூச்சு வருது, நிம்மதியா தூங்கறான்னு நெனச்சிகினேன். தறிய பத்தி சொன்னேன், உன் கல்யாணத்த பத்தி சொன்னேன், ஏதேதோ பேசிகினே இருந்தேன். நீ வேலையிலேர்ந்து வந்து அம்மான்னு தொட்டுப் பாத்து கத்தின இல்ல, அப்பதாம்மா எனக்கே தெரியும். ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சி. எப்ப போனா, நான் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயா, பேசிகினு இருக்க சொல்லோவா, எனக்குத் தெரியாதும்மா. அவ நிறுத்தினதுக்கப்புறமும் இது வுட்டுகினே இருந்துச்சி. இன்னும் வுட்டுகினே கீது. நான் வுட்ட சந்துலதான்."

அந்த நேரம் பார்த்துத் துணி உப்பியது. மூன்று பேரும் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வருஷமாக அந்த மனிதரைக் கல்நெஞ்சு என்று திட்டிக்கொண்டிருந்தேனே, என் வாயில் வசம்பு வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

சுபா அழவில்லை. பையைக் கழற்றி மூலையில் வைத்தாள். கீழே கிடந்த குறட்டை எடுத்து, ஏணியில் ஏறி, பின்களை அவளே பிடுங்கத் தொடங்கினாள். நான் துணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஓரம் கழன்றபோது துணி மொத்தமும் அவள் தலைமேல் விழுந்தது. கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே நின்றாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

பின்னால் என்ன இருந்தது? சாம்பல் பூச்சு, ஒட்டடை, பல்லி முட்டை. வெண்டிலேட்டர் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் சத்தம் வந்தது. அப்போதுதான் உன் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெளியே போய், பெயிண்ட் டப்பாவில் சிமென்ட்டைக் குழைத்து எடுத்துவந்து, உடைந்த செங்கல்லை வைத்து அவரே அடைத்துப் பூசினார். அது காய இரண்டு நாள் விட்டு மறுபடி போனேன். காகிதத்தைச் சுபாதான் தேர்ந்தெடுத்தாள், சந்தன நிறத்தில் மெல்லிய கோடு போட்டது. சிரித்துக்கொண்டே பசைத் தூரிகையை என் புடவையில் துடைப்பாயே, அது மட்டும்தான் குறை. நானும் உன் பெண்ணும் ஒட்டினோம். அவர் கீழே நின்று, ஒரு குமிழி இல்லாமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

இப்போது அவர் அந்த அறையில்தான் படுக்கிறாராம், குறட்டைச் சத்தம் தாங்கவில்லை என்று சுபா சொல்கிறாள். சந்தவாசல் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பட்டுத்துணியை, "இங்க இருந்தா அப்பா பாப்பாரு, நீங்களே வச்சிக்கோங்க அத்தே" என்று சுபா என்னிடம் கொடுத்தாள். என் பீரோவில் இருக்கிறது. எந்தச் சுவருக்கும் அதைப் போட மாட்டேன், எவ்வளவு கேட்டாலும் விற்கவும் மாட்டேன்.

ஒட்டி முடித்த அன்று அவர்கள் இருவரும் கை கழுவப் போனார்கள். நான் மட்டும் அறையில் நின்றேன். வழக்கம்போல மாலைக் காற்று எழுந்தது, ஜன்னல் கதவு படபடத்தது. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் சும்மா நின்றது. உன் பதினாறாம் நாளுக்குச் சமைத்தவள் நான், உன்னிடம் இருந்த கடைச் சாவியை உன் வீட்டிலிருந்து திருப்பி வாங்கி வைத்தவள் நான். ஆனால், அடியே, அந்தச் சாயங்காலம்தான் எனக்கு நீ செத்துப்போனாய்.

இப்போதெல்லாம் எந்த வீட்டில் பேப்பர் ஒட்டி முடித்தாலும் உடனே ஏணியை மடக்குவதில்லை. கதவோரமாக ஒதுங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். பசை காய்வதற்குக் காத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.