தக்காளிப் பாத்தியில் வாரிய வைக்கோல்

1988, பங்குனி, வெள்ளி இரவு.

தக்காளிச் செடிக்கு அடியில் ஈரம் காக்கப் பரப்பியிருந்த வைக்கோலை வாரிக் காயவைத்தேன். அடுத்த பாத்திக்கு ஆகும் என்று நினைத்தேன். நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் என் வீட்டுக்காரர் அதை மாட்டுக்குப் போட்டுவிட்டார்.

“போன வாரந்தான அதுல பூச்சி மருந்து அடிச்சீக?” என்றேன்.

“உதறித்தான் போட்டேன். பெரிய படிப்புப் படிச்சவ கணக்கா பேசாத. வேற தீவனம் எங்க இருக்கு?”

மாடு மிச்சமில்லாமல் தின்றிருந்தது. விடிந்தால் கொழுந்தன் மனைவி கைப்பிள்ளைக்குப் பால் வாங்க வருவாள். கொடுக்க மனம் வரவில்லை. இல்லை என்றால் காரணம் கேட்பாள். காரணத்தைச் சொன்னால் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும், அவர் என்னை வீட்டில் இருக்க விடமாட்டார்.

விளக்கேற்றி ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டேன். காலையில் மாட்டின் மடியில் ஒரு சொட்டுப் பால்கூட இருக்கக் கூடாது.