வாடகை லென்ஸில் அம்மா

ஜனவரி 20, செவ்வாய்.

வாங்கும் முன் பார்த்துவிடலாம் என்று குமுளியில் என் கேமராவுக்கு ஒரு டெலி லென்ஸை மூன்று நாள் வாடகைக்கு எடுத்திருந்தேன். காலையில் எஸ்டேட் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அதன் வழியே எதிர்மேட்டுத் தேயிலைக் காட்டைப் பார்த்தேன். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு நடுவில் அம்மா. நாலு செடிக்கு ஒரு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா தன் கொழுந்தை அள்ளி அம்மாவின் சாக்கில் போட்டாள். நான் படம் எடுக்கவில்லை.

சாயங்காலம், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எனக்கென்னடா, நல்லாத்தான இருக்கேன்.”

 சோறு போடும்போது அவளே கேட்டாள்.

“லென்சு நல்லாருக்கா?”

“தூரத்துல இருக்கதெல்லாம் தெளிவாத் தெரியுதும்மா.”

“அப்ப வாங்கிரு. தவணை கட்ட இன்னும் ரெண்டு வருசம் நான் கொழுந்து எடுக்க மாட்டேனா?”