மூடிய இமைக்கு ஒரு நிறம்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள இராசமணி மச்சாளுக்கு,

கோணேஸ்வரன் எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் என் பழக்கம். இம்முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீங்களாவது சுகமாக இருக்கவேண்டும் என்று கோணேசரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

நாள் தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பேசும்போது உங்கள் தங்கச்சி நிஷாந்தி பக்கத்திலேயே இருப்பாள். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் காலால் ஒரு தட்டு விழும். செல்வரட்ணம் அண்ணை அடுத்த கிழமை திருகோணமலைக்கு வருகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பார்சலையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பார்சலைப் பிரிக்க முதல் கடிதத்தை முழுக்க வாசியுங்கள். இல்லாவிட்டால், தங்கச்சி நோயில் கிடக்கும்போது இவன் எனக்கு லிப்ஸ்ரிக் அனுப்புகிறானே, இவனுக்கென்ன விசரா என்று நினைப்பீர்கள்.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டொக்டர் கீமோவை நிற்பாட்டிவிட்டார். உடம்பு தேறும் மட்டும் ஓய்வு தந்திருக்கினம் என்று நிஷாந்தி உங்களுக்குச் சொன்னாள். அது ஓய்வு இல்லை, மச்சாள். ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி நோவுக்கு மட்டும்தான் மருந்து. நேர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறா. தைப்பொங்கலுக்கு இருப்பாளா என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் மகள் துர்க்காவின் படிப்பைப் பற்றி விசாரித்தார். நீங்கள் அழுவீர்கள் என்று தெரியும். அழுதுவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள், அதற்குத்தான் அவசரம்.

சித்திரை மாதம் முடியோடு புருவமும் கொட்டியபோது, துர்க்கா ஒரு புருவப் பென்சில் வாங்கிவந்து தாய்க்கு வரைந்துவிட்டாள். அங்கேதான் இது தொடங்கியது. உங்கள் தங்கச்சியை உங்களுக்குத் தெரியும். கண்மையையும் பொட்டையும் தவிர வேறொன்றையும் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதவள். அவள் திடீரென்று, இமைக்குப் பூசப் புதிசாய் ஐசாடோ வந்திருக்காம், புதிசாய் லிப்ஸ்ரிக் வந்திருக்காம், ரவுன் சென்ரர் மேக்கப் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று நிற்கத் தொடங்கினாள். புதுச் சாமான் இறங்கினால் துர்க்காவின் போன் சொல்லிவிடும். நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னம் இவள் உடுத்து வெளிக்கிட்டு வாசலில் நிற்பாள். கார் பார்க் பண்ண இடம் தேடி நான் படும் பாட்டைச் சொன்னால் உங்களுக்கே இரக்கம் வரும்.

அந்தக் கடையில் அன்ரனெற் என்று ஒரு மன்னார்ப் பிள்ளை வேலை செய்கிறது. எல்லோரும் தொட்டுப்பார்க்க வைத்திருக்கும் லிப்ஸ்ரிக்கை இவள் தொடக்கூடாது, கிருமி தொற்றும் என்று நேர்ஸ் சொல்லியிருந்தா. அந்தப் பிள்ளை புதுக்குச்சியில் இருந்து ஒரு துண்டைச் சீவி எடுத்து, சின்ன ஈர்க்கு மாதிரி ஒன்றில் வைத்துக் கொடுக்கும். இவள் மாஸ்க்கை இறக்கி, பூசி, கண்ணாடியைப் பார்த்து, துடைத்துவிடுவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒன்றுக்குக் கோப்பியின் பெயர், ஒன்றுக்கு யாரோ ஒரு பெட்டையின் பெயர். ஒன்று தோல் நிறமாம். யாற்றை தோல் என்று நிஷாந்தி கேட்டாள். அன்ரனெற் சிரித்துக்கொண்டு அதை எடுத்து அங்கால் வைத்துவிட்டது.

எனக்கு அப்போது சந்தோஷம்தான். மனுசி வடிவாய் இருக்க ஆசைப்படுகிறாள், அப்படியென்றால் பிழைக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். வாங்கிவந்த நிறம் ஒரு மாதத்தில் பிடிக்காமல் போய்விடும். மருந்தில் அவள் தோல் மாறிக்கொண்டே இருந்தது. கோடைக்குச் சரிவந்த சிவப்பு, ஆவணியில் சாம்பல் பிடித்த முகத்தில் தனியாக நின்றது. பிறகு கண்ணிலும் தோலிலும் மஞ்சள் ஏறியது. திரும்பவும் புதிசு ஏதும் வந்ததா என்று துர்க்காவைக் கேட்பாள். திரும்பவும் நான் பார்க்கிங் தேடுவேன்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எங்கள் கட்டடத்தில் இருந்த யோகராணி அன்ரி போன மாரியில் மோசம்போனது உங்களுக்குத் தெரியும். இங்கே பியூனரல் ஹோமில்தான் உடலைக் கழுவி, உடுத்தி, முகத்துக்குப் பூசிப் பார்வைக்கு வைப்பார்கள். ஆள் உயிரோடு எப்படி இருந்தா என்று பார்க்க ஒரு படம் தாருங்கள் என்று கேட்டார்கள். மகன் வினோதன் இருந்ததில் நல்ல படம் என்று, அறுபதாம் பிறந்தநாளுக்கு ஸ்ரூடியோவில் எடுத்ததைக் கொடுத்தான். எங்கள் ஸ்ரூடியோக்காரர் எப்படிப் படம் கழுவுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பியூனரல் ஹோம்காரருக்கு அது எப்படித் தெரியும்? படத்தில் இருந்த மாதிரியே பூசிவிட்டார்கள். அன்ரி பாலில் தோய்த்தெடுத்த மாதிரி வெள்ளையாய்க் கிடந்தா. வந்த சனம் கும்பிட்டுவிட்டு, என்ன வடிவாய் இருக்கிறா என்று சொல்லிக்கொண்டு போனது. அன்ரியின் மனுசன் மட்டும் பெட்டியடியில் நின்று, முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கைக்கு ஒருவரும் பூசவில்லை. அது அன்ரியின் கையாகவே இருந்தது.

வரும்போது காரில் நிஷாந்தி, அன்ரியைக் கடைசியாய்ப் பார்க்கக் கிடைக்கேல்லை என்று சொன்னாள். இப்போதுதானே பார்த்துவிட்டு வருகிறோம் என்று நான் சொன்னேன்.

புரட்டாதியில் ஒரு பின்னேரம், சோபாவில் நீட்டிப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அன்றைக்கு வாங்கிய ஐசாடோவும் லிப்ஸ்ரிக்கும் பூசியிருந்தாள். கையிரண்டையும் நெஞ்சில் கோத்து, கண்ணை மூடிக்கொண்டு, கால்மாட்டில் நிண்டு பாருங்கோ, பிறகு மேல நிண்டு ஒரு படம் எடுங்கோ என்றாள். எடுத்துக் காட்டினேன். கூடாது, மினுங்குது என்றாள். கண்ணைத் திறந்திருக்கிறவர்களுக்கு இமையில் ஒரு கீறுதான் தெரியுமாம், மூடினால் இமை முழுக்கத் தெரியுமாம், மூடின கண்ணுக்கு மினுக்கம் சரிவராதாம். இதை அவள் சாமான் வாங்கும் குரலில் சொன்னாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது, மச்சாள். இத்தனை மாதமாக அந்தக் கடையில் அவள் என்ன தேடினாள் என்று அப்போதுதான் விளங்கியது. போனைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். அவள் அங்கிருந்தபடியே, என்னப்பா, அழுது முடிஞ்சால் மேசை லாம்பை எடுத்துக்கொண்டு வாங்கோ, பெட்டியடியிலை மஞ்சள் லைற்தானே போடுவினம் என்று கூப்பிட்டாள்.

பிறகு பியூனரல் ஹோமுக்குக் கொடுக்க இருவரும் படம் தேடினோம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பாஸ்போட் படம் வெளிறிக் கிடக்கிறது. துர்க்கா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அல்பத்தில் நாங்கள் குடும்பத்தோடு வெள்ளைக்காரர். போனில் உள்ளவற்றை அந்தப் போனே வெளுப்பாக்கி வைத்திருக்கிறது. கடைசியாய் எங்கள் கலியாண அல்பத்தை எடுத்தாள். அந்த முகத்தைச் செய்தது உங்கள் கை. நீங்கள் ஆசையில்தான் செய்தீர்கள், மாமியும் கறுப்பியை ஒருநாளைக்காவது வெள்ளையாய்க் காட்டு பிள்ளை என்று பக்கத்தில் நின்றிருப்பா. அந்தக் காலத்தில் திருகோணமலையில் உங்கள் கை படாத மணப்பெண் இல்லை, எல்லோரும் அதே நிறம்தான். உங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு மணவறையில் என் பக்கத்தில் இருந்தது யாரென்று எனக்குச் சத்தியமாய்த் தெரியவில்லை. தாலி கட்டும்போது பிடரியைப் பார்த்தேன். பவுடர் அங்கே வரவில்லை. உங்கள் பியூற்றிப் பாலர் வாசலில் வெயிலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்த பெட்டையின் நிறம் அங்கே இருந்தது. ஆள் மாறவில்லை என்ற நிம்மதியில்தான் மூன்றாம் முடிச்சைப் போட்டேன். இதை இத்தனை வருஷமும் அவளுக்குச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவள் கனநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, கறுப்பே அழகு, காந்தலே ருசி எண்டு ஊரெல்லாம் சொல்லும், பிறகு பவுடர் டப்பாவோடை வந்து நிக்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

போன கிழமை நிறம் சரிவந்துவிட்டது. ஐசாடோ காய்ந்த பாக்கு நிறம், துளி மினுக்கம் இல்லை. லிப்ஸ்ரிக் பழஞ்செங்கல் மாதிரி ஒரு சிவப்பு, இந்த மாதம்தான் புதிதாய் வந்ததாம். கூறைச் சேலையைத் தோளில் போட்டு, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தாள். துர்க்கா போனில் வெளுப்பாக்குகிற எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டுப் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு, அம்மா, யூ லுக் லைக் யூ என்று சொல்லித் தாயின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். சேலையில் லிப்ஸ்ரிக் பட்டுவிடும் எழும்பு என்று இவள் பேசினாள், ஆனால் எழுப்பவில்லை. பியூனரல் ஹோமுக்குக் கொடுக்கப்போவது அந்தப் படம்தான். மரண அறிவித்தலுக்கும் அதுதான். அதன் ஒரு பிரதியைப் பார்சலில் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

இனி நான் கேட்கப்போவதுதான் கடிதத்தின் காரணம். பார்வைக்கு வைக்க முதல் குடும்பத்து ஆட்கள் உள்ளே வந்து முகம் செய்யலாமா என்று பியூனரல் ஹோமில் விசாரித்தேன். செய்யலாம் என்றார்கள். சுமங்கலியாய்ப் போகிறவளுக்குப் பெண்சகோதரம்தான் செய்வது முறை. அக்காதான் எனக்கு முதல்முதல் முகம் செய்தவ, கடைசியும் அவதான் செய்யவேணும், ஆனால் என்னை நானாய்ச் செய்யவேணும் என்று அவள் சொல்லிவிட்டாள். உங்களுக்கு நேரில் சொல்லும் துணிவு அவளுக்கு வரவில்லை. போனில் உங்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவதெல்லாம் இதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான்.

விசா போனமுறை மறுத்துவிட்டார்கள் என்று மனதை விடவேண்டாம். இம்முறை டொக்டரின் கடிதத்தோடு திரும்பப் போட்டிருக்கிறேன். கைரேகை கொடுக்கச் சொல்லி அறிவித்தல் வந்ததும், அடுத்த பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போங்கள். பாலரில் கலியாண வேலை இருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். குளிருக்கு இங்கே எல்லாம் இருக்கிறது, ஒன்றும் வாங்கவேண்டாம். கோணேசர் கோயில் குங்குமம் கொஞ்சம் கொண்டுவாருங்கள். உங்கள் தூரிகைகளையும் எடுத்துவாருங்கள். பவுடர் டப்பா வேண்டாம்.

விசா வராவிட்டால் நான்தான் செய்யவேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சாள். வெயார்ஹவுசில் பாரம் தூக்கிக் காய்த்துப்போன கை இது. ஒருநாள் அவள் இமையில் பூசிப் பழகிப் பார்த்தேன். அவள் சிரித்த சிரிப்பில் பாதி கன்னத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவள் அசைந்துகொண்டிருந்தாள். அசையாமல் கிடக்கும்போது என்னால் முடியாது.

பார்சலில் இருப்பது அதே ஐசாடோவும் அதே லிப்ஸ்ரிக்கும்தான். உங்கள் இருவருக்கும் ஒரே நிறம் என்று நிஷாந்தி சொல்கிறாள். நீங்களும் பவுடர் இல்லாமல் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அதனால் கேட்கிறேன், குறை நினைக்காதீர்கள். முகத்தைக் கழுவிவிட்டு, ஒன்றும் பூசாமல், இவற்றை முதலில் உங்கள் முகத்தில் போட்டுப் பாருங்கள். போட்டு ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்புங்கள். எழுத்து ஒன்றும் வேண்டாம். அதைப் பார்த்தாலே நீங்கள் ஓம் என்றது அவளுக்கு விளங்கும்.

கோணேசர் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மூடிய இமைக்கு நிறம் எடுத்துவிட்டோம். அந்தக் கண் உங்களைப் பார்க்கும் காலத்திலேயே வந்துவிடுங்கள், மச்சாள்.

விமான நிலையத்தில் உங்களுக்காகக் காத்து நிற்க ஆசைப்படும்,
கோணேஸ்வரன்