வேர்க்காத பிள்ளைக்கு ஓர் ஊர்

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை எட்டு மணிக்கே மொட்டை மாடி சுட ஆரம்பித்துவிட்டது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் படுக்கையறை. அகிலுக்கு இன்று ஏழு சட்டை. நனைத்துப் போடுவது, காய்வது, மறுபடி நனைப்பது. வாளியில் எப்போதும் இரண்டு ஊறிக்கொண்டிருக்கும். மதியம் உடம்பு 101. தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்தேன். அரை மணியில் 99.

போன வருஷம் இதே கத்திரியில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் தெரிந்தது, பிறவியிலேயே அவனுக்கு வேர்வைச் சுரப்பி இல்லை என்று. இப்போது மூன்றரை வயது. முன்பல் இரண்டுதான், கூர்கூராக. முடி பஞ்சு மாதிரி. "பல்லும் முடியும் பரவால்லம்மா, வெயில்தான் பிரச்சனை. குளிர்ச்சியான ஊரா பாருங்களேன்" என்றார் டாக்டர். பச்சைக் கலர்ல பாருங்களேன் என்று ஜவுளிக் கடையில் சொல்வது மாதிரி.

ஊட்டி, கொடைக்கானல் வாடகையை அகிலின் அப்பா செந்தில் போனில் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

மிச்சம் இருப்பவை:
1. ஏ.சி. வீட்டு ஓனர்: "இந்த ஒயரிங் தாங்காதும்மா, சொல்லிட்டேன்." தாங்கினாலும் கரண்ட் போகும்.
2. லால்குடி, அம்மா வீடு. வாய்க்கால், வயல் எல்லாம் உண்டு. வெயில் அதே வெயில்.
3. கே.கே. நகரில் கீழ்த்தள வீடு. இப்போது கொடுப்பதைப் போல இரண்டு பங்கு.
4. பச்சைமலை. துறையூர் தாண்டி மேலே ஏற வேண்டும். செ.யோடு பட்டறையில் வேலை பார்ப்பவரின் ஊர். வீடு ஒன்று சும்மா கிடக்கிறதாம்.

நாலாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். திரும்பத் திறந்தேன்.

மே 6, செவ்வாய்

உளுந்து ஊற வைக்க மறந்தேன். அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே:

"செந்தில் துவாக்குடியில வெல்டிங் அடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவான். நீ மலையில ஒத்தையா என்னம்மா பண்ணுவ? ஆடு மேய்ப்பியா?"

"உங்க பேரனை மேய்ப்பேன் அத்தை."

சிரித்துவிட்டார். பிறகு கத்தியை வைத்தார். "ராத்திரி ஒண்ணுன்னா? மேல பெரிய ஆஸ்பத்திரி இருக்கா?"

இல்லை. துறையூருக்கு இறங்கி வர வேண்டும். பஸ் நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான். இங்கே ஸ்ரீரங்கத்தில் ஆட்டோவில் பத்து நிமிஷம். இங்கே இருந்தால் வலிப்பு வரும், ஆஸ்பத்திரி இருக்கும். அங்கே போனால் வலிப்பு வராது, வந்தால் யாரும் இல்லை. பி.எஸ்சி. கணக்கு படித்தவள், இதை மட்டும் போட்டுப் பார்க்கத் தெரியவில்லை.

டியூஷன் பிள்ளைகள் ஐந்து பேர். அதுவும் போய்விடும்.

அத்தை கடைசியாக: "ஆடி பொறந்தா வீடு மாத்தக் கூடாது. போறதுன்னா ஆனிக்குள்ள பால் காய்ச்சிடணும்." சம்மதமா, திட்டா? கேட்கவில்லை.

மே 7, புதன்

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. தொட்டித் தண்ணீரே சூடு. பன்னிரண்டரைக்கு 102. அகில் அழவில்லை. அழாதபோதுதான் பயம். ஈரத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். அங்கே கரண்ட் இருந்தது. ஏ.டி.எம். அறைக்குள் நுழைந்து, ஏ.சி.க்கு நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாட்ச்மேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, எவ்வளவு நேரமாம்மா பணம் எடுப்பீங்க?"

"கார்டே கொண்டாரலைங்க."

பிள்ளையைப் பார்த்தார். வெளியே நின்ற இரண்டு பேரிடம், "மிஷின் ரிப்பேரு, அடுத்த தெருவுக்குப் போங்க" என்றார். எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். "காய்ச்சலா?"

"சூடுங்க. வெறும் சூடு."

"எனக்கும் அதே வியாதிதாம்மா. பன்னெண்டு மணி நேரம் வாசல்ல நிக்கிறேன்."

சிரித்தேன். சிரிப்பு அழுகையாகப் போய் முடிந்தது. அவர் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். மூன்று மணிக்கு 99.6. நாளைக்கும் ஏ.டி.எம்.மா? கத்திரி முடிய இன்னும் மூன்று வாரம். அதற்குப் பிறகு மட்டும் என்ன வாழ்கிறது.

மே 8, வியாழன்

செ. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாம் என்றார். அத்தை உடனே ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி, புலிப் படம் போட்ட கம்பளியை இறக்கி உதறினார். "மேல குளிருமே, எடுத்துட்டுப் போங்க." நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இங்கே எழுதுகிறேன், வேறு எங்கே சொல்வது.

ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வேர்க்குரு. என் பிள்ளைக்கு மட்டும் கிடையாது. வேர்வை நாற்றம் கிடையாது. பவுடர் டப்பா பிரிக்காமலே இருந்தது. எனக்கு அதில் பெருமை. கண்ணு பட்டுடும் என்று அத்தை சுற்றிப் போட்டார். போன வருஷம் உடம்பு கொதித்தபோது, வேர்த்தால் காய்ச்சல் விட்டுவிடும் என்று ஃபேனை நிறுத்தினேன். அந்தக் கம்பளியால் போர்த்தினேன். கழுத்தடியில் விரலை வைத்து வேர்வைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மேலே இன்னொரு பெட்ஷீட்டும் போட்டேன். அப்புறம்தான் அவன் கண் மேலே போனது.

அத்தை கோயிலில். செ. ஷிப்டில். நான் மட்டும்தான்.

டாக்டர் கேட்டார், "போர்த்தினீங்களா?" செ. பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன்.

அன்றிலிருந்து அவன் மேல் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை, ஈரத் துண்டைத் தவிர. வெறும் தரை, வெறும் உடம்பு. மார்கழியிலும் அப்படித்தான்.

கம்பளியைத் திரும்பப் பரணில் போட்டுவிட்டேன். பாரம் அதிகம் என்று சொன்னேன்.

மே 11, ஞாயிறு. மலையில்

மெழுகுவத்தி. மழையில் கரண்ட் இல்லை. இங்கே இல்லாவிட்டால் என்ன.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ். துறையூர் வருவதற்குள் நாலு தடவை சட்டை நனைத்தேன். மலை ஏற ஆரம்பித்த பிறகு நனைத்தது மேலே வரும்வரை காயவில்லை. காயவே இல்லை.

வீடு: இரண்டு அறை, ஓட்டுக் கூரை. தண்ணீர் அடி பம்பில். வீட்டுக்குச் சொந்தக்கார அம்மா செல்லம்மா, பக்கத்து வீடு. அகில் வாயைப் பார்த்தவுடனே, "ரெண்டே பல்லா? எனக்கும் ரெண்டுதான் மிச்சம், வா ஜோடி சேந்துக்கலாம்" என்றார். வாயைத் திறந்தும் காட்டினார். அகில் கை தட்டினான்.

வாடகை கேட்டோம். "இதுவரைக்கும் யாரு வந்தா வாடகைக்கு? நீங்களே ஒண்ணு சொல்லுங்க." செ. சொன்னார். "அய்யய்ய, அவ்வளவு வேணாம்." பேரம் தலைகீழாக நடந்தது.

அவசரத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என் மருமவன்கிட்ட பைக்கு இருக்கு. கூப்பிட்டா வருவான்." அவ்வளவுதான். அவ்வளவுதானா?

நாலு மணிக்கு மழை. அகில் வாசலில் நின்று நனைந்தான், நானும் விட்டேன். நனைந்த சட்டைதானே அவனுக்குச் சட்டை. காற்று அடித்தது. உள்ளே தூக்கி வந்து தரையில் விட்டேன். அவன் கை உதறியது. தாடை அடித்துக்கொண்டது. கால் இரண்டும் வெடவெடவென்று.

வலிப்பு.

கத்தினேன். செ. செருப்பில்லாமல் மழையில் ஓடினார். இரண்டு நிமிஷம் இருக்காது, மருமகன் வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். செல்லம்மா என்னைத் தள்ளிவிட்டு அகில் முன்னால் குந்தினார். கன்னத்தைத் தொட்டார்.

"என்னடா கண்ணு பண்ணுது?"

"ஜில்லுனு இருக்கு" என்றான் அகில். வாய் தந்தியடித்துக்கொண்டு. ஆனால் தெளிவாக.

செல்லம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வலிப்பா? ஏம்மா, புள்ள குளுருல நடுங்குது. பெத்தவளுக்கு இதுகூடத் தெரியலியா? ஈரத்தைக் கழட்டிப் போத்தி விடு."

தெரியவில்லை. மூன்றரை வருஷத்தில் அவன் குளிரில் நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

அவர் வீட்டுப் போர்வையை என் கையில் திணித்தார். கை நகரவில்லை. செ., "போத்தேன், என்ன பாத்துட்டு நிக்கிற?" என்றார். போர்த்தினேன். கழுத்தடியில் விரலை வைத்தேன். குளிர்ந்திருந்தது. தெர்மாமீட்டர்: 97.2. இரண்டு தடவை பார்த்தேன்.

பைக்கோடு வந்த மருமகனுக்கும் நன்றி சொன்னோம். "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு செ.யிடம் சொன்னேன். அன்றைக்குப் போர்த்தினதை. டாக்டரிடம் பொய் சொன்னதை.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப அந்தப் பக்கம் காத்து போகுது பாரு. போர்வையைச் சொருகி விடு."

மன்னித்தாரா தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. வாரம் ஆறு நாள் நானும் இவனும் மட்டும். மழைக்காலத்தில் ரோடு எப்படி இருக்கும் என்று கேட்க மறந்துவிட்டேன். டியூஷன் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது. பயம் குறையவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

பத்தரை: 97.8. இப்போது அகில் தூக்கத்திலேயே போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான். நான் இழுக்கவில்லை. அவனே.

காலையில் அத்தைக்கு போன். புலிக் கம்பளியைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் போடச் சொல்ல வேண்டும்.