போயா நாளில் விழும் கோடு

8.6.87 திங்கள்

விடாத மழை. ஹட்டன் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, இடது தோள் முழுக்க ஈரம்.

ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தக் கொப்பியிலாவது எழுதுகிறேன். உப அதிபர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது. அருள்தாஸுக்குப் போனது. இப்போது ஆசிரியர் சேமிப்புச் சங்கத்துக்கும் அவரே தலைவர். சங்கம் வாங்கி வைத்திருக்கும் கம்பனிப் பங்குகளுக்கு ஆறு வருடமாகக் கட்டத்தாளில் விலைக்கோடு வரைபவன் நான். ஒரு நன்றி கிடையாது.

சங்க அறையில் கொம்பியூட்டர். அ.தாஸின் மருமகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து வைத்தது. கோடு வரைய இரண்டு புரோகிராம். சனிக்கிழமை ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். குழுவில் மூன்று பேர்: அ.தாஸ், அற்புதம் டீச்சர், நான்.

கலர்: மருமகன் கடையில் விற்பது. வேகம். விற்கவும் வாங்கவும் அம்புக்குறி போடும்.
பச்சை: பச்சை எழுத்து மட்டும். ஒவ்வொரு விலைக்கும் திகதி கேட்டு உயிரை எடுக்கும். அம்பு இல்லை.

குளிக்கச் சவர்க்காரம் வாங்க மறந்தேன்.

10.6 புதன்

பள்ளி விட்டதும் சங்க அறை. சங்கம் அதிகம் வைத்திருக்கும் ஹோட்டல் கம்பனிப் பங்கின் பெப்ரவரியிலிருந்தான விலைகளைப் பத்திரிகைத் துண்டுகளைப் பார்த்துக் கலரில் அடித்தேன். வாரத்துக்கு ஐந்து கட்டம், திங்கள் முதல் வெள்ளி. சந்தை மூடிய நாளுக்கு வெற்றுக் கட்டம். கோடு வந்தது. நடுநடுவே பள்ளம்.

"பாத்தீங்களா சேர்? மாசம் ஒருக்கா விழுந்து எந்திரிக்குது! விழ ஆரம்பிச்சதும் வித்துட்டு அடியில வாங்கிறணும். ஆறு வருசமா உங்க பென்சில் இத சொல்லுச்சா?" அ.தாஸ். மருமகனுக்குச் சிரிப்பு.

வீட்டில் கலண்டரை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பள்ளம் தொடங்கும் நாளெல்லாம் போயா, பௌர்ணமி விடுமுறை. வெற்றுக் கட்டத்தைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது சனியன். திரையில் வருவது பத்து நாள் சராசரி. ஒரு பூச்சியம் நுழைந்தால் பத்து நாளுக்குக் கோடு தலைதூக்காது. ஏப்ரலில் புத்தாண்டு, பெரிய வெள்ளி எல்லாம் சேர்ந்து பாதாளம். மார்ச்சில் மட்டும் பள்ளமே இல்லை. அந்தப் போயா ஞாயிற்றுக்கிழமை.

வெளிநாட்டில் இருந்து புரோகிராம் எழுதியவனுக்குப் போயா தெரியாது. அ.தாஸுக்குமா?

சொல்லவில்லை. ஊர் சிரிக்க விழட்டும். இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

13.6 சனி

கூட்டம். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. நேற்று முன்தினம் பொசன் போயா. ஆகவே இன்று கோடு சரிந்து, சிவப்பு அம்பு கீழ் நோக்கி.

அ.தாஸ்: "பாருங்க, விழ ஆரம்பிச்சிருச்சு. ஹோட்டல் பங்கு பூராவையும் புதன்கிழமை வித்துருவோம். தரகருக்கு ஒரு போன் போட்டா போதும்."

அற்புதம் டீச்சர்: "டிசம்பரோட எனக்கு பென்சன் சேர். தோட்டத்து குவாட்டர்ஸ விட்டுறணும். ஒரு வீட்டுக்குன்னு சேத்தது எல்லாம் இதுலதான் கெடக்கு. நெசமாவே விழுதுங்களா?"

"விலை விழல டீச்சர், அது வந்து..." ஆரம்பித்தேன்.

"சேருக்கு பென்சில் வேலை போயிரும்னு பயம்!" மருமகன். அ.தாஸ் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

டீச்சர் என் முகத்தையே பார்த்தார். நான் குடையை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரும் கை தூக்கினார். கலர் தெரிவாயிற்று. விற்பதும் முடிவாயிற்று. நான் தூக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை.

14.6 ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே தூறல். அற்புதம் டீச்சர் காத்திருந்தார்.

"நேத்து என்னமோ சொல்ல வந்தீங்களே சேர்?"

"ஒன்னுமில்ல டீச்சர்."

"அப்பச் சரி. ஏதாச்சும் இருந்தா நீங்க சொல்லாம இருக்க மாட்டீங்க."

நிம்மதியாகப் பஸ்ஸுக்குப் போனார்.

பகல் சோற்றைப் பாதியில் மூடிவைத்தேன். அந்த ஹோட்டல் பங்கு எப்போதாவதுதான் விற்பனைக்கு வரும். விற்றால் அந்த விலைக்குத் திரும்பக் கிடைக்காது. தரகுக் கூலி இரண்டு முறை. அ.தாஸ் விழுவார் என்று பார்த்திருந்தேன். அவருக்கு ஹட்டனில் மாடி வீடு.

ஒரே தாள். இடப்பக்கம் பள்ளம் தொடங்கிய திகதிகள், வலப்பக்கம் கலண்டரில் அந்த நாள் என்ன என்பது. கீழே: சந்தை மூடிய நாளைக் கலர் பூச்சியமாக எடுக்கிறது. விலை விழவில்லை. வருகிற புதன்கிழமை விற்க வேண்டாம். கார்பன் வைத்து இரண்டு பிரதி. ஒன்று அ.தாஸுக்கு, மற்றது டீச்சருக்கு.

பெயர் போட்டால் பொறாமை என்று கிழித்துப் போடுவார் அவர். டீச்சர் கிழிக்க மாட்டார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்பார். போன புதன்கிழமையிலிருந்து, கூட்டத்துக்கு முன்பே என்று எப்படிச் சொல்வது?

நாளை முதல் தபாலில் போட்டால் செவ்வாய் கிடைத்துவிடும். பெயர் போடவில்லை.