ஒரு நாள் ஆறிய பிரெட்

ஜவ்வாது மலை

அன்பு மகன் குமரேசனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மனைவி செவ்வந்தியும் சௌக்கியம், லடாக் குளிரில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்பதே இங்கே எங்கள் வேண்டுதல். போன மாதம் வந்த நர்ஸ், வயிற்றுப் பிள்ளைக்கு எடை போதாது, தினமும் முட்டையும் பாலும் கொடுங்கள் என்றார். இவளுக்கோ அவித்த முட்டையின் வாடை பட்டாலே குமட்டல். நான் படித்த கான்வென்ட் விடுதியில் ஞாயிறுதோறும் சிஸ்டர்கள் செய்த பிரெஞ்ச் டோஸ்ட் நினைவுக்கு வந்தது. பிரெட் வெறும் மைதா, அதில் பெரிய சத்து கிடையாது, அது குடிக்கிற முட்டையிலும் பாலிலும்தான் சத்து. புது பிரெட் ஊறினால் கூழாகிவிடும், கனமாக அறுத்து ஒரு ராத்திரி துணி மூடி உலரவிட வேண்டும். அடித்த முட்டையிலும் பாலிலும் ஏலக்காய் தட்டிப் போட்டு, அதில் பிரெட்டை ஊறவைத்து, உள்ளே முட்டை நன்றாக வேகும்படி சிறு தீயில் சுட்டுக் கொடுத்தேன். தின்றுவிட்டு, இன்னொன்னு இருக்கா அத்த என்றாள்.

ஆனால் நம் பக்கம் பிரெட் என்றால் காய்ச்சல்காரருக்குத்தானே? ஆலங்காயம் பஸ்ஸில் அடிக்கடி பிரெட் வந்து இறங்குவதைப் பார்த்து, செவ்வந்தி படுத்த படுக்கை என்று அவள் பிறந்த ஊர் செங்கம் வரை பேச்சு போய்விட்டது. சம்பந்தி பச்சையம்மா அழுதுகொண்டே வந்து இறங்கினார். எம் பொண்ணுக்கு இன்னா நோவு, ஏன் மறைச்சீங்க, வூட்ல சோறு பொங்கறதில்லியா, துணிய எடுடி போலாம் என்று தெருவே கேட்கக் கத்தினார். வளைகாப்புக்கு முன் மருமகளை இப்படி அழைத்துப் போனால் எனக்கு எவ்வளவு தலைகுனிவு! அவர் முன் ஒரு தட்டு டோஸ்ட் வைத்தேன். இது பிரெட்டா, அதிரசமாட்டம் கீது என்று காலி செய்தார், செய்முறையையும் கேட்டுக்கொண்டார், ஆனாலும் நர்ஸு வாயால சொல்லட்டும் என்று பிடிவாதம்.

மறுநாள் மூவரும் சுகாதார நிலையம் போனோம். நர்ஸ் சோதித்துப் பார்த்து, பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது, என்ன கொடுத்தீர்கள் என்றார். நான் வாய் திறப்பதற்குள் பச்சையம்மா முந்திக்கொண்டு, பிரெட்டுதாம்மா, ஆனா ஒரு நாள் ஆறினதா இருக்கணும், புதுசு ஆவாது என்றாரே பார்க்கலாம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ் வந்ததும், நீ போம்மா, வளைகாப்புக்கு வந்து கூட்டிக்கினு போ, அதுவரைக்கும் நான் அத்தகிட்டியே இருக்கேன் என்று செவ்வந்தி தானாகவே சொன்னாள். மகனே, நான் படித்துப் பெற்ற எந்தச் சான்றிதழும் எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை.

பிரசவத்துக்கு விடுப்பு இப்போதே எழுதிக் கேள். கடவுள் உன்னையும் உன் தோழர்களையும் காக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ரேணுகாதேவி