அணைக்கு வெளியே நின்ற ஓம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் காலமாகி ஒரு வருடம். நேற்று உங்கள் ஆட்டைத்திவசத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த தேநீர் உவர்த்தது. பவுசர் லொறியில் வந்த தண்ணீர் முடிந்துபோக, வெளியூரிலிருந்து சமைக்க வந்த பெண் தெரியாமல் உங்கள் கிணற்றில் அள்ளிவிட்டாள். ஒரு மிடறு குடித்தவர்கள் கோப்பையை மெல்ல ஓரமாக வைத்தார்கள். நான் முழுவதையும் குடித்தேன். எனக்கு அது சேரவேண்டியதுதான்.

இந்தக் கிணற்றை நம்பித்தான் நீங்கள் புங்குடுதீவை விட்டுப் போகாமல் இருந்தீர்கள். சுற்றிவர எத்தனை வீடுகள் பூட்டிக் கிடந்தன! மகள் கனடாவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம், "அங்கை வந்து குழாய்த் தண்ணியைக் குடிக்கவோ?" என்று கேட்டுச் சிரிப்பீர்கள். முருங்கைக்கும் வாழைக்கும் வார்த்த பிறகு, எங்கள் குசினியில் சமைக்கவும் ஒரு குடம் வரும்.

பிறகு மாரிமழைக் காலந்தோறும் கடல் வயலுக்குள் ஏறத் தொடங்கியது. உவர் தடுப்பணை கட்டவென்று கொழும்பிலிருந்து அலுவலர்கள் வந்தார்கள். மக்களைக் கேட்டுத்தான் எதையும் செய்வோம் என்றார்கள். உண்மையாகவே கேட்டார்கள், அதை நான் மறைக்கக் கூடாது. சனசமூக நிலையத்தில் கூட்டம். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் என்பதால் தலைமைக் கதிரை எனக்கு. வரைபடத்தில் அணை உங்கள் வீட்டு ஒழுங்கைக்கு உட்புறமாக ஓடியது. வயல்கள் உள்ளே, உங்கள் வீடு வெளியே, கடல் பக்கம். அந்தப் பக்கத்தில் ஆள் இருந்த ஒரே வீடு உங்களுடையது.

தமிழைப் புதிதாகப் பழகிய ஓர் அலுவலர் உங்கள் பக்கத்தில் வந்து குனிந்து விளக்கினார். அவர் வசனத்தை முடிக்கும்போதெல்லாம் நீங்கள் "ஓம்... ஓம்..." என்றீர்கள். வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு: தொலைபேசியில் அம்மா சொல்கிற ஓம் எல்லாம் சம்மதமா? "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு" என்பதும் ஓம்தானே? அந்த அலுவலர் என் வகுப்பில் இருந்தவரில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், ஓம் எண்டா சம்மதம்தானே?"

மாரி கிட்ட வந்துகொண்டிருந்தது. இழுபட்டால் திட்டத்தை வேறு தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். என் வயலும் உள்ளேதான்.

"ஓம்" என்றேன்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கேட்டீர்கள்: "நீர் தமிழ் படிப்பிச்சனீரோ, இல்லாட்டி சும்மா சம்பளம் எடுத்தனீரோ? கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டெல்லோ நான் ஓம் சொன்னனான். கட்டுங்கோ எண்டு சொன்னனானோ?"

"பிறகு கதைச்சு மாத்தலாம், அக்கா."

"கட்டினாப் பிறகு ஆர் மாத்துறது? ஏலாது மாஸ்டர்."

அணை நன்றாகவே வேலை செய்தது. வயல்கள் தப்பின. மறிபட்ட உவர்நீர் உங்கள் வீட்டு வளவில் வந்து தேங்கியது. முதலில் வாழை கருகியது, பிறகு முருங்கை பட்டுப்போனது, பிறகு கிணறும் உவராக மாறியது. யாழ்ப்பாணத்தில் ஓர் அறை எடுத்துப் போனீர்கள். அங்கே உங்களைப் பார்க்க என் வயல் அரிசியோடு வந்தேன். என்ன துணிவு பாருங்கள். வாங்கி வைத்துவிட்டு ஊரில் எல்லாரையும் விசாரித்தீர்கள். கிணற்றைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அடுத்த மாரிக்கு நீங்கள் இல்லை.

நேற்று எல்லோரும் போன பிறகு உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அணை ஊருக்கு வேணும், தானும் அதுக்குச் சம்மதிச்சுத்தான் விட்டது எண்டு அம்மா எப்பவும் சொல்லுவா, மாஸ்டர். அதுதான் எங்களுக்கு ஒரு ஆறுதல்."

ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த ஆறுதலோடேயே அவள் விமானம் ஏறியிருப்பாள். வாய்வரை வந்ததுதான்.

"இல்லைப் பிள்ளை. அம்மா சம்மதிக்கேல்லை. நான்தான் அவவுக்காகச் சொன்னனான்."

அவள் அணைப் பக்கம் திரும்பினாள். "அப்ப அம்மா ஏன் அப்பிடிச் சொன்னவா?" என்று கேட்டாள்.

அணையை நீட்டுவதற்கு இன்னொரு கூட்டம் வரப்போகிறது. தலைமை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் இருந்து, ஒவ்வோர் ஓமுக்கும் "அது என்ன ஓம்?" என்று கேட்கப்போகிறேன். எரிச்சல்படுவார்கள், படட்டும். உங்கள் மகளுக்கு என்ன சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை. நீங்கள் என்னை அவளிடம் திட்டியிருக்கலாம், அக்கா.